கால்வட்டம் திரும்பிய வீடு

கொழும்பில் நான் முதன்முதலாக வேலை செய்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு வரைபடத்தில் பிழை பிடிபட்டால் அது மேலேயிருந்து கீழே வழிந்து வரும். கையெழுத்து வைத்த பெரிய அதிகாரி சேரைத் தொடாது. சரிபார்த்தவரை இலேசாக நனைக்கும். கடைசியில் பயிற்சிக்கு வந்தவன் தலையில் முழுதாக ஊற்றும். பயிற்சிக்கு வந்தவன் நான்தான். கொஞ்ச நாளில் அது எனக்குப் பழகிவிட்டது. என்ன பிழை என்று கேட்க முன்னமே "சொறி சேர்" என்று மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அதில் ஒரு கெட்டித்தனம் இருப்பதாகவும் நினைத்தேன். சொறி சொல்கிறவனை எல்லாருக்கும் பிடிக்கும்.

ஒப்பந்தம் முடிந்து மருதமுனைக்குத் திரும்பி வந்து, கட்டாருக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கல்முனையில் மிஸ்ஸிடம் சேர்ந்தேன். சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு வேலை என்றுதான் உம்மாவிடம் சொன்னேன். வீட்டுப் படம் வரைகிற சின்ன அலுவலகம். கீழே டைல் கடை, மேலே நாங்கள். மூன்று மேசை, ஒரு பெரிய பிரின்டர், பிரதான வீதியில் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஹோனும் உள்ளே வந்து போகிற ஒரு ஜன்னல்.

மிஸ்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். கல்முனைக்குடிக்காரர். பொறியியல் படித்து, கொழும்பில் பெரிய பெரிய கட்டடங்களில் நின்று வேலை வாங்கிவிட்டு, ஊருக்கு வந்து வீடு வரைகிறவர். ஸ்காஃபுக்கு மேலே ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார். வீடு கட்ட வருகிறவர்கள், மேசன்மார், டைல் கடை முதலாளி, எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிப்பித்ததில்லை. இந்தக் கரையில் படித்த பொம்பிளை என்றால் மிஸ், அவ்வளவுதான். எனக்கு முன்னமே அங்கே இருந்தவர் ஒரு ராத்தா, எங்கள் பேச்சில் அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், படம் வரைவதில் கெட்டிக்காரி. கையைவிட வாய் வேகம்.

முதல் நாள் மிஸ் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தன பேர்ட குசினிக்குள்ள போய் இரிந்திரிக்கீங்க?"

"வரஞ்சதா மிஸ்?"

"வரஞ்சதக் கேக்கல்ல. போய் இரிந்தது."

எத்தனை பேரின் அடுப்படிக்குள் இருந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். "எங்கட வீட்டுக் குசினி... மாமிட குசினி..."

"இனிக் கூடும்" என்றார் மிஸ். ராத்தா கொம்பியூட்டருக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

அந்த அலுவலகத்தில் இரண்டு விசித்திரம் இருந்தது. ஒன்று, காலைத் தேத்தண்ணி. வேலை தொடங்க முன்னம் இஞ்சி போட்ட பிளேன்டீ வரும். அந்த நேரம் யாராவது ஒருவருடைய படத்தைச் சுவரில் ஒட்டவேண்டும். மற்றவர்கள் குறை சொல்லி அதைக் கிழிக்கவேண்டும். வரைந்தவர் கோப்பை காலியாகும்வரை வாய் திறக்கக்கூடாது. 'கிழிக்கிற தேத்தண்ணி' என்று ராத்தா அதற்குப் பெயர் வைத்திருந்தார். எனக்கு அது கொலை. நான் பேச்சால் பிழைக்கிறவன். வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னால் மூச்சு முட்டும். முதல் தடவை சூடென்றும் பாராமல் ஒரே மடக்கில் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன்.

மிஸ்ஸின் படமும் சுவருக்கு வரும். முதன்முதலாக அது வந்த நாள் நான் கொழும்புப் பழக்கத்தில், "சுப்பர் மிஸ்" என்றேன்.

"எந்த இடம்?"

"எல்லா இடமும் மிஸ்."

"அப்ப நீ பாக்கல்ல" என்றார். "கிட்டப் போய்ப் பாரு."

ராத்தா எழும்பிப் போய், "இந்தக் கதவத் தொறந்தா கட்டில்ல இடிக்கும். இதுல மாப்பிள்ள எப்பிடி உள்ளுக்கு வாற? ஒதுங்கி ஒதுங்கி நண்டு மாதிரியா?" என்றார். மிஸ்ஸும் விதிப்படி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை முடிந்ததும் பென்சிலை எடுத்துக் கதவை மாற்றினார். எனக்கு அதை நம்ப நேரமெடுத்தது. கொழும்பில் சேர் வரைந்த கதவு கட்டிலில் இடித்தால், கட்டிலைத்தான் சின்னதாக்குவோம்.

இரண்டாவது விசித்திரம் கடற்கரை. வீட்டுப் படம் முடிந்ததும் மிஸ் அந்தக் குடும்பத்தைக் கடற்கரைக்குக் கூப்பிடுவார். மணலில் நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூள் தூவி, வீட்டை அதன் முழு அளவிலேயே வரைவோம். திசையும் அதே திசை. காணியில் எந்தப் பக்கம் வாசலோ மணலிலும் அதே பக்கம். பிறகு வீட்டுக்காரர் உள்ளே நடந்து பார்க்கவேண்டும். வாசலால் வந்து, ஹோலைத் தாண்டி, குசினிக்குப் போய், அறைக்குள் கால் நீட்டிப் படுத்துக்கூடப் பார்ப்பார்கள்.

நான் முதலில் சிரித்தேன். என் லெப்டொப்பில் முப்பரிமாணத்தில் வீட்டுக்குள் நடக்கலாம், ஜன்னலால் வெயில் விழுவதுகூடத் தெரியும் என்று காட்டினேன். மிஸ் பொறுமையாகப் பார்த்தார். "வடிவா இரிக்கி. ஆனா இதுல நடக்கிறது ஒன்ட விரல் மட்டும்தான்" என்றார்.

அப்படிப் படத்தோடு வந்தவர்களில் ஒருவர்தான் ஹாஜியார். கல்முனையில் புடவைக் கடை வைத்திருப்பவர். இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே வீடு என்பது பெண்ணின் பெயர், பெண்ணின் மானம். மூத்த மகளின் வீட்டை மணலில் வரைந்த நாள் ஹாஜியாரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் நின்று அங்கும் இங்கும் திரும்பினார்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் நிண்டா ஒராள் அடுப்புக்கு மேலதான் நிக்கணும். பெருப்பிங்க மிஸ்."

வலை இழுத்துவிட்டுப் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "ஆர்ட வீடு இது?"

"ஹாஜியார்ட மூத்த மகள்ற" என்றார் ராத்தா.

"கூர இல்லயா?"

"காத்து வரட்டும் எண்டு கழட்டி வச்சிரிக்கி."

ஒரு ஆடு சுவருக்கு மேலால் நடந்து ஹோலுக்குள் வந்தது. "மரியாத தெரியாத ஆடு, வாசலால வா!" என்று ராத்தா விரட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், கலியாணம் பேசியிருந்த அந்தப் பிள்ளைகூட. அன்று குசினி பெரிதானது. எனக்கும் லெப்டொப்பை மூடி வைக்கிற புத்தி வந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஹாஜியார் காணியின் மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டை வாங்கினார். அதுவரை தெற்கே ஒழுங்கையைப் பார்த்திருந்த வாசலை இனி மேற்கே பெரிய வீதியைப் பார்க்க வைக்கவேண்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னம், அனுமதிக்குக் கொடுக்கிற அவசரத்தில், மிஸ் தன் கொம்பியூட்டரில் வீட்டை அப்படியே கால்வட்டம் திருப்பினார். தெற்கு மேற்காயிற்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். "சுறுக்கா முடிச்சிட்டீங்க மிஸ்" என்று புகழவும் செய்தேன். திருப்பியதுதானே, புதிதாக ஒன்றும் வரையவில்லையே என்று அந்தப் படம் சுவருக்கும் வரவில்லை, மணலுக்கும் போகவில்லை. வீடு கட்டத் தொடங்கினார்கள்.

வருஷம் ஒன்று போனது. மூத்தவளின் வீடு டைல் பதிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கலியாண ஒப்பந்தமான காவின் எழுதுகிற நாளும் குறித்தாயிற்று. ஹாஜியார் இளையவளுக்கும் பக்கத்திலேயே அதே மாதிரி வீடு வேண்டும் என்றார். "அச்சு அசல் அப்பிடியே. இல்லாட்டி அக்காவுக்கும் தங்கச்சிக்கும் சண்ட வரும்." அதனால் அதே படத்தை மணலில் வரைந்தோம்.

பார்த்து முடியப் பொழுது பட்டு மஹ்ரிப் தொழுகை நேரம் ஆயிற்று. பெண்கள் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குத் தொழப் போனார்கள். "பள்ளிக்குப் போய்ச் சேரக்குள்ள ஜமாஅத் முடிஞ்சிரும், இஞ்சயே தொழுவம்" என்றார் ஹாஜியார். ஹோல்தான் விசாலமான இடம். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம். ஹாஜியார் முன்னுக்கு, அவருடைய தம்பியும் மருமகனாகப் போகிறவரும் நானும் பின்னுக்கு.

தொழுகையில் கண் அலையக்கூடாது. என் கண் அலைந்தது. வலது பக்கத்தில் குளியலறை. அதற்குள் கொமட்டை நான்தான் குச்சியால் கீறியிருந்தேன். நாங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோமோ, அதே பக்கம்தான் அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித் தருவார்கள்: மலசலம் கழிக்கிறபோது, தொழுகிற திசையான கிப்லாவுக்கு முகமோ முதுகோ காட்டக்கூடாது. நான்கு சுவருக்குள் பரவாயில்லை என்று சொல்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் இந்தக் கரையில் ஒருவரும் அப்படிக் கட்டுவதில்லை. தெற்கைப் பார்த்திருந்த கொமட் வீட்டோடு சேர்ந்து மேற்குக்குத் திரும்பிவிட்டது. மணலில் மட்டுமில்லை, அங்கே காணியில் உண்மையான வீட்டிலும்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கீறலைக் காலால் அழித்தேன். யாரும் காணவில்லை. பிறகு, தொழுதுவிட்டு வந்து ஸ்கூட்டிக்குக் கிட்ட நின்ற மிஸ்ஸிடம் போய் மெதுவாகச் சொன்னேன். மிஸ் போட்டிருந்த ஹெல்மட்டைக் கழற்றினார்.

"ராத்தாக்குச் செல்லினியா?"

"இல்ல மிஸ்."

"செல்லு. காலயில மூணு பேரும் போய்ப் பாப்பம்."

போய்ப் பார்த்தோம். கட்டியவர்கள் அம்பாறைப் பக்கமிருந்து வந்த சிங்கள மேசன் பாஸ்மார், கிப்லாக் கணக்குத் தெரியாதவர்கள். படத்தில் இருந்ததை அளவு பிசகாமல் கட்டியிருந்தார்கள். ஒடுங்கிய அறை. குழாய் கொங்கிரீட்டுக்குள் போய்விட்டது. கொமட்டைச் சும்மா திருப்பி வைக்க இடமில்லை. சுவரையும் நிலத்தையும் உடைக்கவேண்டும். மிஸ் உள்ளே நின்று, கையை நீட்டி அளந்து, வெளியே வந்து, "நாளைக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார்ட வீட்ட போறன்" என்றார்.

எனக்குக் கொமட் கவலை இல்லை. மிஸ்ஸின் கவலைதான். ஒரு பொம்பிளை நின்று வீடு கட்டுவிப்பதைப் பொறுக்காத ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அந்த வீட்டைக் கட்டிய கொந்தராத்துக்காரரே அவர்களில் ஒருவர். அவரிடமும் ஒரு படம் வரைகிற ஆள் இருந்தான். "பொம்புள வரஞ்சா குசினி நல்லா வரும், மத்தது?" என்று முகத்துக்கு நேரே பகிடி விடுவார். முஸ்லிம் ஊரில் கிப்லாவைப் பார்த்துக் கக்கூசு வரைந்த மிஸ் என்று ஒரு பெயர் வந்தால், அதற்குப் பிறகு எந்தத் தாய் தன் மகளின் வீட்டைக் கொண்டுவந்து இவரிடம் கொடுப்பாள்?

அந்த அஸர் வரும்வரை விஷயம் பொறுக்கவில்லை. ஹாஜியாரின் மனைவி டைலின் நிறம் பார்க்கப் போய்க் கண்டுவிட்டார். அடுத்த நாள் காலை படியில் திடுதிடு என்று சத்தம். ஹாஜியாரும், அவருக்குப் பின்னால் கொந்தராத்துக்காரரும்.

"மிஸ்! நீங்க படிச்ச ஆள்தானே? நம்மட புள்ளதானே? என்ட மகள்ற வீட்டுல கக்கூச கிப்லாவுக்கு நேர வச்சிரிக்கீங்களே! மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து பாத்தா நான் எந்த மூஞ்ச வச்சிக்கெண்டு நிக்கிற?"

"நாங்க படத்துல உள்ளபடிதான் கட்டின ஹாஜியார்" என்றார் கொந்தராத்துக்காரர். "படிச்சாக்கள் வரஞ்சத மாத்துறதுக்கு நாம ஆரு?" சிரிப்பை மீசைக்குள் வைத்திருந்தார்.

மிஸ் கதிரையிலிருந்து எழும்பி வாய் திறக்கப் போனார். நான் முந்திவிட்டேன்.

"ஹாஜியார், மிஸ்ஸுக்கு ஏசாதீங்க. படத்தத் திருப்பினது நான். புதுசா வந்த நேரம், எனக்கு வெளங்கல்ல. என்ட பிழ."

நான் யோசித்துச் சொல்லவில்லை. கொழும்பில் பழகிய வாய் தானாகச் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. பெரியவருக்கு வருகிற அடியைச் சின்னவன் வாங்குவது எங்களுக்கு மரியாதை. வீட்டிலும் அப்படித்தான், கடையிலும் அப்படித்தான். ஹாஜியாரின் குரல் உடனே இறங்கியது.

"நீயா? அதானே பாத்தன். சின்னப் பொடியன்ட கையில குடுத்தா இப்பிடித்தான். சரி, மனிசன் எண்டா பிழ உடுறதுதான். ஒடச்சிக் கட்டுவம்." கொந்தராத்துக்காரரின் மீசை கொஞ்சம் தொங்கியது. காரியம் முடிந்துவிட்டது. ராத்தா என்னைப் பார்த்து இலேசாகக் கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

"ஹாஜியார், இரிங்க" என்றார் மிஸ். "இவன் பொய் செல்றான்."

யாரும் இருக்கவில்லை. எல்லாரும் நின்றபடிதான்.

"திருப்பினது நான். வெள்ளிக்கிழம அவசரத்துல திருப்பிட்டு ஆருக்கும் காட்டாமக் குடுத்திட்டன். முந்தநாள்தான் எனக்கே தெரியும். இண்டைக்கு அஸருக்குப் பிறகு ஒங்கட வீட்ட வந்து செல்ல இரிந்தன், நீங்க முந்திட்டீங்க. ஒடச்சுக் கட்டுறது முழுக்க என்ட பொறுப்பு. காவினுக்கு முன்ன முடிச்சுத் தருவன்."

"அப்ப மிஸ்ட பிழ" என்றார் கொந்தராத்துக்காரர், கீழே டைல் கடைக்கும் கேட்கிற மாதிரி.

"ஓம். என்ட பிழ."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். இறங்கியிருந்த கோபத்தை மறுபடி எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நின்றார். "ரெண்டாவது வீட்டுக் கதைய இப்ப உட்டுடுவம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கினார்.

அவர்கள் போனதும் மிஸ் என் பக்கம் திரும்பினார். நான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்து கண்டதில்லை. சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஆரு ஒன்னக் கேட்ட?"

"ஆரும் இல்ல மிஸ். ஒங்கட பேர் கெட்டுப் போயிரும் எண்டு..."

"கெட்டாக் கெடட்டும். நான் கெடுத்தது." மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, மறுபடி வைத்தார். "நீ இண்டைக்கு எடுத்தா நாளைக்கு ராத்தாவும் எடுப்பா. அதுக்குப் பிறகு எனக்கு அது ருசி புடிச்சிரும். ஒரு நாள் ஆரும் ஏச வரக்குள்ள, நான் பேசாம நிண்டு ஒன்ட வாயப் பாப்பன், இவன் எப்ப செல்லுவான் எண்டு. என்னைய அப்பிடி ஒரு ஆளா ஆக்கிப் போடாத மனே."

மிஸ் ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனார். ராத்தா கன்டீனிலிருந்து இரண்டு ரோல்ஸ் எடுப்பித்து ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"இது நீ செஞ்சதுக்கு. ஆனா மிஸ் செல்றது சரி. ரெண்டையும் வெளங்கிக்க."

விளங்க எனக்கு நாள் எடுத்தது. அந்த நாட்களில் விலையும் கண்ணுக்குத் தெரிந்தது. படம் வரையக் கதைத்து வைத்திருந்த ஒரு குடும்பம் "யோசிச்சுட்டுச் செல்றம்" என்றது. பிறகு சொல்லவே இல்லை. கீழே டைல் கடை முதலாளி என்னைக் கண்டால் ஒரு மாதிரி இருமுவார். மருதமுனையில் என் கூட்டாளிமார் தேத்தண்ணிக் கடையில் வைத்து, "நீ அந்தக் கிப்லாக் கக்கூசு ஒபிஸிலயாடா வேல?" என்று கேட்டார்கள். நான் கோபத்தில் எழும்பி வந்துவிட்டேன். வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். "ஓம் எண்டு செல்லிட்டு இரிந்து தேத்தண்ணியக் குடிச்சிரிக்கலாமே" என்றார்.

ஒவ்வொரு நாளும் அவர் காணியில் நின்றார். உடைக்கிற தூசு ஸ்காஃபிலும் கண் இமையிலும் படிந்திருக்கும். சுவரை வெளியே தள்ளி, குழாயைத் திருப்பி, கொமட்டை வடக்கைப் பார்க்க வைத்தார்கள். காவினுக்கு முன்னமே முடிந்தது. அந்த நாட்களில் காலைத் தேத்தண்ணிக்குச் சுவரில் முதலில் வருவது மிஸ்ஸின் படமாகத்தான் இருந்தது. நாங்களும் கிழித்தோம், முன்னையைவிட மோசமாகவே கிழித்தோம். ராத்தா ஒரு நாள் தன் படத்தை ஒட்டிவிட்டு, யாரும் வாய் திறக்க முன்னம், "இந்தப் படியில உம்மாமார் ஏற மாட்டாங்க, எனக்கே தெரியும், சுறுக்காத் தாங்க" என்று தேத்தண்ணியைக் கேட்டார். விதிப்படி அது குற்றம். மிஸ் சிரித்துவிட்டார்.

காவின் முடிந்து கொஞ்ச நாளில் ஹாஜியார் எனக்குக் கோல் எடுத்தார். எனக்கு மட்டும்.

"தம்பி, கடப் பக்கம் வந்திட்டுப் போறியா? ரெண்டாவது வீட்டுப் படம். நீ தனியா வரஞ்சு தா. ஒபிஸுக்குள்ள வேணாம். நீ மரியாத தெரிஞ்ச பொடியன்."

என் பெயரில் ஒரு வீடு! கொழும்பில் இருந்த காலம் முழுக்க அதைத்தான் கனவு கண்டேன். கோலை வைத்த பிறகு ஒரு மணித்தியாலம் எதையும் வரைய முடியவில்லை. கடைசியில் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"ஒனக்கு ஆசயா?" என்றார்.

"ஓம் மிஸ்." பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப செய். ஒன்ட கைக்கு அது ஏலும். ஆனா அண்டைக்கு நீ செல்லினதுதான் பொய், நான் செல்லினது இல்ல எண்டு அவர்ட வாய்க்கு நேர செல்லிப் போட்டு எடு. அதுக்குப் பிறகும் தந்தா ஒன்ட வீடு."

புடவைக் கடையில் ஹாஜியார் பெட்ஷீட் கட்டுகளுக்கு நடுவில் இருந்தார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். இருந்ததும் நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன ஹாஜியார்?"

"நீ பொய் செல்றாய் எண்டு அண்டைக்கே தெரியும். நான் என்ன விசரனா? ஆனா அந்தப் பொய் எல்லாருக்கும் லேசா இரிந்திச்சி. ஒன்ட பிழய நான் மன்னிச்சா, நல்ல மனிசன் எண்டு ஊர் செல்லும். அவட பிழய மன்னிச்சா, ஹாஜியார் ஒரு பொம்புளைக்குப் பயந்திட்டார் எண்டு செல்லும். நீ ஒரு நல்ல வழி காட்டினாய், அவ அத மூடிட்டா." மடித்த பெட்ஷீட்டை அடுக்கில் வைத்தார். "மரியாத தெரிஞ்சவனத்தானே வேலைக்கு வச்சிக்கலாம்?"

நான் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று ஆயிற்று. தியாகம் ஒன்றும் இல்லை. இவர் வீட்டை வரைந்தால் ஒரு நாள் கதவு கட்டிலில் இடிக்கும். அப்போது பழியைப் போட எனக்குக் கீழே ஒருவனைத் தேடுவேன் என்று சட்டென்று தோன்றியது. கொழும்பு சேரும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்.

"ஹாஜியார், மரியாதைக்கு வாறதெண்டா நான் வாறன். வேலைக்கெண்டா எங்கட ஒபிஸுக்குத் தாங்க. அங்க மூணு பேரும் பாப்பம். பிழ வந்தா ஆர்ட எண்டு ஒங்களுக்குச் செல்லுவம்."

"பெரிய கத கதைக்கிறாய்" என்றார் ஹாஜியார். கோபமா பகிடியா என்று தெரியவில்லை. ஃபோனை எடுத்து வீட்டுக்கு அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். "இஞ்ச பாருங்க, மிஸ்ட பொடியன் வந்திரிக்கான். தனிய வரைய மாட்டானாம். ஒபிஸுக்கே குடுக்கட்டாம்."

"குடுங்க" என்று அவருடைய மனைவியின் குரல், பின்னால் சட்டி சத்தத்தோடு வந்தது. "ஆனா முதல்ல அவவ இஞ்ச வரச் செல்லுங்க. எனக்கு அவவோட சண்ட இரிக்கி."

"அதான் ஒடச்சிக் கட்டித் தந்திட்டாவே."

"அதுக்கில்ல. என்ட மகள்ற வீட்டுல உட்ட பிழய எனக்குச் செல்லாம ஒங்களுக்குச் செல்லியிரிக்கா. வீடு ஒங்களுக்கா? புடவக் கட மாதிரி நெனச்சிட்டாவா? இண்டைக்கே வரட்டும். சண்ட முடிஞ்சாத்தான் படம்."

ஹாஜியார் ஃபோனை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்து, பிரதான வீதியை ஓட்டமாகக் குறுக்கறுத்து, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

மிஸ் முழுதும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசி வரிக்கு மட்டும் தலையை ஆட்டினார். "அவ செல்றது சரி. அவட்டத்தான் முதல் போயிரிக்கணும். எப்ப வரட்டாம்?"

"இண்டைக்கே."

எழும்பி ஹெல்மட்டை எடுத்தார்.

"நானும் வரட்டா மிஸ்? ரெண்டு பேரெண்டா அவ கொஞ்சம்..."

"சண்ட ஆரோட?"

"ஒங்களோட."

"அப்ப நீ இரிந்து ஒன்ட படத்துல ஜன்னல் உயரத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ராத்தா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே ஸ்கூட்டி ஒரு பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவால் நெளிந்து கல்முனைக்குடிப் பக்கம் திரும்பியது.

"பாவம் ஹாஜியார்ட பொஞ்சாதி" என்றார்.

"ஏன் ராத்தா?"

"என்ன ஏசினாலும் மிஸ் ஓம் எண்டுதான் செல்லுவா. அப்பிடி ஒராளோட எவ்வளவு நேரம்டா சண்ட புடிக்கலாம்?"